ஒப்புக்கொண்ட மதிப்பு

அண்ணா சாலையில் இரண்டாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
ஜெபக்குமார் படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்:
"அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு
எங்ககிட்ட அட்டவணை கிடையாது மேடம்.
நீங்க ஒரு தொகை சொல்லணும்,
நாங்க ஒப்புக்கணும்."

என் வண்டிக்கு வயது ஐம்பத்தெட்டு.
ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு,
வண்டலூர்ப் பக்கத்துப் பிறப்பு.
பானட்டைத் தூக்கினால்
முகமே மொத்தமாக முன்னால் சாய்ந்து
முதலைபோல் வாயைப் பிளக்கும்.
விஜயநகர் சிக்னலில் ஒருநாள்
நாலு பஸ்ஸுக்கும் தன் குடலைக் காட்டியது.
வெட்கமே கிடையாது.

நான் தொழிலால் கணக்கர்.
துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்குக் கம்பெனியில்
மார்ச் வந்தால் பொருள்களைத் தேய்ப்பவள்.
மேசைக்குப் பத்து விழுக்காடு,
ஏசிக்குப் பதினைந்து,
கம்ப்யூட்டருக்கு நாற்பது.
முழுக்கத் தேய்ந்தும் இன்னும் உழைக்கிற பொருளை
ஒரு ரூபாயில் நிறுத்திவைப்போம்.
அது அங்கே இருப்பது
யாருக்கும் மறந்துவிடக் கூடாது.

ஒரு ரூபாய் என்று
வாய்வரை வந்துவிட்டது.

செலவுக்கு ரசீது கேட்டார்.
புதுப்பேட்டை தஸ்தகீர்
சிகரெட் அட்டையில் பென்சிலால் எழுதித் தருவார்,
அதிலும் பாதி கிரீஸ்.
பின்விளக்குக் கண்ணாடி
கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது.
அனுப்பியவர் பணம் வாங்கவில்லை.
எரியும்போது ஒரு போட்டோ அனுப்புங்கள், போதும் என்றார்.
அனுப்பினேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

"எதிராளிக்கு மட்டும் போடலாம், மலிவு.
நீங்க யார்மேலயாவது மோதினா அவங்களுக்குக் கிடைக்கும்."
மணிக்கு நாற்பது கிலோமீட்டரில்
நான் யார்மேல் மோத?
"திருட்டு?"
சோக்கைப் பாதி இழுத்து, பதினொன்று எண்ணி,
கிளட்சை ஒருமுறை கெஞ்சவேண்டும்.
அது தெரிந்த திருடன் வந்தால்
அவனுக்கு டீ வாங்கித் தந்து
மீதியையும் கேட்டுக்கொள்வேன்.

"வீடு எங்கே?"
"வேளச்சேரி."
பேனாவைக் கீழே வைத்தார்.

"வெள்ளத்துக்கு எஞ்சின் கவர் தனியா இருக்கு.
இவ்ளோ வயசுக்குத் தருவாங்களான்னு மேல கேக்கணும்.
தந்தாலும் ஒண்ணு,
தண்ணி ஏறினப்புறம் சாவியைத் திருகாதீங்க.
திருகினா க்ளெய்ம் போச்சு."
வண்டி பொறுத்துக்கொள்ளும்.
சாவி என் கையில் அல்லவா இருக்கும்.

வியாழக்கிழமை சர்வேயர் வந்தார், அன்வர்தீன்.
சேஸிஸ் எண்ணின்மேல் தாளை ஒட்டிப்
பென்சிலால் தேய்த்தெடுத்தார்.
துருவை நகத்தால் சுரண்டினார்,
மூக்கருகே கொண்டுபோனார், ஏனோ.
"விக்கிறதா இருந்தா என்ன கேப்பீங்க?"
"விற்க மாட்டேன்."
"அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா."

மூன்று நாற்பது என்றேன்.
இரண்டரை என்றார்.
கோயம்பேட்டில் கூடைக்குப் பேசுவதுபோல் பேசி
மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றோம்.
அவர் எழுதும்போது
வண்டியின் பக்கம் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எஞ்சின் கவர் கிடைக்கவில்லை.

நவம்பர் இறுதியில் ஒருநாள், விடிகாலை மூன்றரை.
மழை இன்னும் தொடங்கவில்லை.
மேம்பாலத்தில் அதற்குள்
இரண்டு பக்கமும் கார்கள்,
பம்பரோடு பம்பர், கண்ணாடி ஏற்றித் தூங்குகின்றன.
ஒரு டாக்ஸிக்கும் கத்தரிப்பூ நிறப் புதுக்காருக்கும் நடுவில்
ஒரு சந்து.
லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர்
வா வா வா என்று கைகாட்டி
என்னை உள்ளே விட்டார்.

"இன்சூரன்ஸ் இல்லையா மேடம்?"
"இருக்கிறது."
"அப்புறம் எதுக்கு இங்க?"
"உங்களுக்கு?"
"எனக்கும் இருக்கு. பம்பர் டு பம்பர்."

கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது என்றேன்.
இருட்டில் கொஞ்ச தூரம் நடந்துபோய்
அரைச் செங்கல் ஒன்றோடு வந்தார்.
பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து
காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.